விசிலடியியல்: விருத்தாசலம் பீங்கானை முன்வைத்து ஒரு சூப்பர்ஹீரோ ஆய்வு

சூப்பர்ஹீரோ படம் ஓடும் திரையரங்கில் விசில் எந்த நொடியில் கிளம்புகிறது? வில்லன் விழும்போதா, நாயகன் எழும்போதா, இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே நடக்காமல் நாயகன் சும்மா நிற்கும்போதா? கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் கோடிகளைக் கொட்டி, கிராபிக்ஸ் கூடங்களில் மாதக்கணக்கில் ஆட்களை உட்காரவைத்து, வானத்தைக் கிழித்து ஊரைத் தரைமட்டமாக்கிக் காட்டுகிறவர்கள் இந்தக் கேள்விக்கு விடை தேடாமலேயே அத்தனையும் செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை திரையரங்கு வாசலில் மைக்கை நீட்டினால் "வேற லெவல்" என்ற ஒற்றை விடை கிடைக்கிறது. எந்த லெவல், எதிலிருந்து வேறு என்று யாரும் கேட்பதில்லை. சங்கப் பாடல்களில் யானை எத்தனை இடங்களில் பிளிறுகிறது என்று எண்ணி முனைவர் பட்டம் வாங்கிவிடலாம். விசிலுக்கென்று ஓர் ஆய்விருக்கை இன்னும் அமையவில்லை. இக்கட்டுரை அந்தக் கடனைத் தீர்க்க முற்படுகிறது. இதன் துணிபு ஒன்றுதான்: தமிழ்ப் பார்வையாளர் விசிலடிப்பது நாயகன் வெளியே விடும் ஆற்றலுக்கு அல்ல, அவன் தாங்கிக்கொள்ளும் ஆற்றலுக்கு. இதை நிறுவ ஏற்ற களம் கோடம்பாக்கமும் ஹாலிவுட்டும் அல்ல. கடலூர் மாவட்டத்து விருத்தாசலம்.

ஆய்வுக்களம்

ஏன் விருத்தாசலம் என்று கேட்பது முறையே. காரணம் மூன்று. முதலாவது, தாங்குவதையே தொழிலாகக் கொண்ட ஊர் இது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும்போது கிடைக்கும் களிமண்ணை நம்பி வளர்ந்தது இங்குள்ள செராமிக் தொழிற்பேட்டை. செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பட்டயப் படிப்பு நிறுவனமும் இங்கே உண்டு. பொம்மை, கோப்பை, அகல் இவற்றோடு பியூஸ் கேரியரும் இன்சுலேட்டரும் இவ்வூர்ச் சூளைகளில் வெந்து வருகின்றன. மற்ற ஊர்கள் மின்சாரத்தைச் செலவழிக்கின்றன. விருத்தாசலம் அதை மறித்து நிற்கும் பொருளைச் செய்கிறது. இரண்டாவது, 2005 செப்டம்பரில் மதுரையில் கட்சி தொடங்கிய நடிகர் விஜயகாந்த், அடுத்த ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் வென்றது இத்தொகுதியில்தான். மாநிலம் முழுக்கத் தனித்துப் போட்டியிட்ட அவர் கட்சிக்கு 2006இல் வேறொரு தொகுதியும் கிடைக்கவில்லை. திரையில் மின்சாரத்தைத் தாங்கியவரை இன்சுலேட்டர் செய்யும் ஊர் சட்டமன்றத்துக்கு அனுப்பியது தற்செயல் என்று தள்ளுவது ஆய்வாளருக்கு அழகல்ல. மூன்றாவது, திருமுதுகுன்றம் என்ற பழம்பெயர் கொண்ட இவ்வூரில் சுந்தரர் 12,000 பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்கிறது புராணம். மனித ஆற்றலுக்கு மீறிய செயலும், அதைக் கரையில் நின்று பார்க்கும் ஒரு பார்வையாளரும் சேர்ந்த காட்சி இவ்வூருக்குப் புதிதல்ல. அந்தப் பார்வையாளர் சுந்தரரின் துணைவி பரவையார். அவருடைய எதிர்வினை உரிய இடத்தில் ஆராயப்படும்.

மெய்ப்பாடும் வாயமைப்பும்

தொல்காப்பியத்தைத் தொடாமல் தமிழில் எந்த ஆய்வும் கரையேறாது, தொட்டுவிடுவோம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு. சூப்பர்ஹீரோ படம் குறிவைப்பது மருட்கையை, அதாவது வியப்பை. வியப்புக்கு நிலைக்களன் நான்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். கண்டிராதது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று வேறொன்றாக மாறுவது. பறக்கும் மனிதன், கட்டடத்தைத் தாண்டி வளர்ந்த ராட்சதன், எறும்பளவு சுருங்கிய வீரன், கோபம் வந்தால் பச்சைப் பூதமாகும் விஞ்ஞானி என்று நான்கு கட்டங்களையும் அமெரிக்கப் படக்கூடங்கள் தொல்காப்பியம் படிக்காமலேயே நிரப்பிவிட்டன. பெருமிதத்துக்கு நிலைக்களன் வேறு: கல்வி, தறுகண், புகழ், கொடை. இந்த நான்கில் ஒன்றைக்கூடக் கணினியில் வரைந்து காட்ட முடியாது என்பதை வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி உடற்கூறு. விசிலடிக்க இரண்டு விரல் வேண்டும். விரல்நுனி நாக்கை மடித்து உள்ளே தள்ள வேண்டும். உதடு பல்லை மூடி இறுக வேண்டும். அதன்பின் அடிவயிற்றிலிருந்து காற்று வர வேண்டும். வியந்தவனின் வாயோ தானாகத் திறந்து, தாடை தொங்கி, உதடு தளர்ந்து கிடக்கும்; பாப்கார்னை ஏந்திய கை பாதிவழியில் நின்றுபோயிருக்கும். இந்த வாய்க்குள் காற்று போகுமே தவிர ஒலியாக வெளியே வராது. ஆகவே மருட்கையும் விசிலும் ஒரே நொடியில் ஒரே வாயில் குடியிருக்க வழியில்லை. 'எந்திரன்' (2010) இதற்கு நல்ல சோதனைக்கூடம். எண்ணற்ற சிட்டி ரோபோக்கள் பந்தாக உருண்டும் பாம்பாக நெளிந்தும் வந்தபோது அரங்கம் வாயைப் பிளந்தது. அதே படத்தில், கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் தன் படைப்பாளியைத் தேடிச் சிட்டி ஆட்டைப்போலக் கத்திக்கொண்டு நிதானமாக நடந்தபோது விசில் பறந்தது. முன்னதற்குக் கணினிகள் இரவுபகலாக உழைத்திருக்கும். பின்னதற்கு ஒரு மனிதரின் தொண்டை போதுமானதாக இருந்தது. பிளந்த வாயின் மௌனத்தைக் கேட்டு "படம் போகவில்லையோ" என்று தயாரிப்பாளர் பதறுவதும், விசிலைக் கேட்டு "கிராபிக்ஸ் பிடித்திருக்கிறது" என்று இயக்குநர் மகிழ்வதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

கடத்தியும் தாங்கியும்

இயற்பியல் பொருள்களைப் பிரிப்பதுபோல் நாயகர்களையும் இரண்டாகப் பிரிக்கலாம். கடத்தி நாயகன் தன் வழியே ஆற்றலைப் பாயவிடுகிறவன். சுத்தியலைத் தூக்கி இடியை இறக்கும் தோர், மின்னல் தாக்கிச் சக்தி பெறும் 'மின்னல் முரளி' (2021), அதே வழியில் வந்த 'வீரன்' (2023) ஆகியோர் இவ்வகை. தாங்கி நாயகன் ஆற்றலுக்கும் ஊருக்கும் நடுவே நிற்கிறவன்; அவனிடம் வந்த ஆற்றலுக்கு அதற்குமேல் வழி கிடையாது. மின்கம்பத்தின் உச்சியில் பழுப்பு மெருகோடு உட்கார்ந்திருக்கும் பீங்கானை அண்ணாந்து பாருங்கள். மேலே கம்பியில் 11,000 வோல்ட். கீழே கம்பத்தில் ஆட்டைக் கட்டிவிட்டு பீடி பற்றவைக்கும் மனிதர். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சாணுக்கும் குறைவான அந்தப் பொருள் ஒன்றும் செய்யாமல் இருக்கிறது. அது எதையாவது செய்யத் தொடங்கினால்தான் ஆபத்து.

அதன் உடம்பைச் சுற்றி அடுக்கடுக்காக விளிம்புகள் உண்டு. அழகுக்காக வைத்தவை அல்ல. மழையிலும் தூசியிலும் நனைந்த மேற்பரப்பு வழியாக மின்சாரம் ஊர்ந்து இறங்கப் பார்க்கும். விளிம்பின்மேல் ஏறி, உள்பக்கம் இறங்கி, அடுத்த விளிம்பில் மறுபடி ஏறவேண்டியிருந்தால் அதன் பாதை நீண்டுகொண்டே போகும். உயரத்தைக் கூட்டாமல் தூரத்தைக் கூட்டும் உத்தி இது. தமிழ் சினிமாவின் ஸ்லோ மோஷன் செய்வதும் இதையே. காரின் கதவு திறக்கிறது. செருப்பு தரையில் படுகிறது. வேட்டி மடிந்து ஏறுகிறது. துண்டு தோளுக்குப் போகிறது. முகம் மட்டும் இன்னும் வரவில்லை. பத்தடி தூரத்தைக் கடக்க நாயகனுக்கு ஒன்றரை நிமிடம் ஆகிறது. உருட்டுக்கட்டையோடு நிற்கும் பத்துப் பேரின் ஆவேசம் அத்தனை மடிப்பிலும் ஏறி இறங்கி வருவதற்குள் பாதியாகிவிடுகிறது. விசில் கேட்பது அந்த மடிப்புகளில்தான். அடி விழுந்தபின் கேட்பது கைதட்டல். அது கணக்கு முடிப்பதற்காக.

சான்றுகள்

முதற்சான்று 'நரசிம்மா' (2001). மின்னதிர்ச்சி கொடுத்து நாயகனைச் சித்திரவதை செய்ய முயல்கிறார்கள். விஜயகாந்துக்கு ஒன்றும் ஆகவில்லை, மின்கருவிகள் தீப்பொறி கக்கிச் செயலிழக்கின்றன. மின்சாரத்துக்கே ஷாக் அடித்த காட்சி என்று நாடறிந்தது. இங்கே செராமிக் மாணவர் ஒருவர் எழுந்து நியாயமான ஐயம் ஒன்றைக் கிளப்பக்கூடும். நாயகன் முழுமையான கடத்தாப் பொருள் என்றால் ஓம் விதிப்படி அவன் வழியே மின்னோட்டம் இராது. மின்னோட்டம் இல்லையென்றால் கருவி வெடிக்கவும் காரணம் இல்லை. விளக்குகள் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்க, வில்லன் கொட்டாவி விட வேண்டியதுதான். கருவி வெடிக்க வேண்டுமென்றால் நாயகன் செம்புக்கம்பியாகி ஷார்ட் சர்க்யூட் ஆகியிருக்க வேண்டும். அப்போது அவன் பிழைத்திருக்க முடியாது. ஆக, அவன் ஒரே நேரத்தில் செம்பாகவும் பீங்கானாகவும் இருந்திருக்கிறான். இயற்பியல் இதை ஏற்காது, திரையரங்கு ஏற்றுக்கொண்டது. பார்வையாளருக்கு வேண்டியிருந்தது மின்சாரம் போன வழியின் வரைபடம் அல்ல, அது அவனைத் தாண்டிப் போகவில்லை என்ற உறுதி. அந்த உறுதி கிடைத்ததும் வாய் மூடியது, விரல் எழுந்தது.

இது தமிழருக்கு மட்டும் உரிய குணம் என்று நினைத்துவிடக் கூடாது. 2019 ஏப்ரலில் வெளியான 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தமிழ் வடிவத்துக்கு ஏ.ஆர்.முருகதாஸ் வசனம் எழுதினார். அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். பழகிய குரலை ஏன் மாற்றினீர்கள் என்று ரசிகர்கள் சண்டைக்கே வந்தார்கள். அந்தப் படத்தில் அரங்கை அதிரவைத்தவை எவை? உடைந்த கேடயத்தின் வாரை இறுக்கிக்கொண்டு, ஒரு சேனையின் முன்னால் தன்னந்தனியாகக் கேப்டன் அமெரிக்கா நின்றது ஒன்று. தகுதியுள்ளவருக்கு மட்டுமே அசையும் சுத்தியல் அவர் கைக்கு வந்தது மற்றொன்று. முன்னது தறுகண், பின்னது புகழ். இரண்டும் பெருமிதத்தின் நிலைக்களன். படத்தின் முடிவில் பேராற்றல் வெளிப்பட்டது அயர்ன் மேன் விரலைச் சொடுக்கியபோது. ஒரு சேனையே தூளாயிற்று. அரங்கம் அழுதது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த படத்தில் தானோஸ் சொடுக்கியபோது பாதி உலகம் மறைந்தது. அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஆற்றலின் அளவுக்கும் விசிலின் அளவுக்கும் தொடர்பு உண்டென்றால் இந்த இரண்டு சொடுக்குக்கும் கூரை பிய்ந்திருக்க வேண்டும். 'ஸ்பைடர் மேன் 2' (2004) படத்தைப் பார்த்தவர்களுக்கு இருபது ஆண்டு கழித்தும் நினைவிருப்பது ரயில் காட்சி. முகமூடி இல்லை. இரு கைகளிலும் வலையிழை. பெட்டியின் முகப்பில் உடம்பை முட்டுக்கொடுத்து, ஓடும் ரயிலின் வேகம் முழுவதையும் தன் மார்பில் வாங்கி நிறுத்துகிறான் ஒரு பையன். அவன் யாரையும் அடிக்கவில்லை. ரயில் நின்றது, அவ்வளவுதான். மின்கம்பத்துப் பீங்கானின் இனம் அவன்.

உள்நாட்டுச் சூப்பர்ஹீரோக்களிடம் வருவோம். 'முகமூடி' (2012), 'ஹீரோ' (2019) இரண்டும் முகத்தை மூடிய நாயகனை நம்பி எடுக்கப்பட்டவை. அவற்றைவிட நன்றாக ஓடியது 'மாவீரன்' (2023). அதன் நாயகன் பயந்தாங்கொள்ளி. தலைக்குள் கேட்கும் ஒரு குரல் அவனை வம்பில் மாட்டிவிடுகிறது. படம் முழுவதும் அந்தக் குரலைத் தாங்குவதே அவன் பாடு. காரணம் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. விசில் என்பது முகவரி எழுதிய கடிதம். முகம் இல்லாத இடத்துக்கு அது போய்ச் சேராது. தமிழ்த் திரையில் நாயகன் முகமூடி இல்லாமலே பத்துப் பேரைப் பறக்கவிடுகிறான். முகமூடி அவனுக்குப் புதிதாக ஓர் ஆற்றலையும் சேர்ப்பதில்லை, இருக்கும் முகத்தை எடுத்துக்கொள்கிறது.

2025 ஆகஸ்ட் மாதம் இந்த ஆய்வுக்கென்றே அமைந்ததுபோல் வந்தது. ஒரே மாதத்தில், 1991இல் வந்து விஜயகாந்துக்குக் 'கேப்டன்' பட்டம் தந்த 'கேப்டன் பிரபாகரன்' மறுவெளியீடு கண்டது. 28ஆம் தேதி கல்யாணி பிரியதர்ஷன் நடித்த 'லோகா' மலையாளத்தில் வெளியாகி, மற்ற மொழிகளுக்கும் வந்து, பெருவெற்றி பெற்றது. முன்னதில் காக்கிச் சட்டை, பின்னதில் கேரளத்து யட்சி கள்ளியங்காட்டு நீலியின் கதை. வெளித்தோற்றத்தில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் 'லோகா'வின் சந்திரா நூற்றாண்டுகள் கடந்த ஆற்றலை வைத்துக்கொண்டு பெங்களூரில் ஒரு காபிக் கடையில் இரவு வேலை பார்க்கிறாள். அடுத்த வீட்டுப் பையனுக்கும் தெரியாமல் அதை அடக்கிவைக்கிறாள். அவளிடம் வம்பு செய்கிறவர்கள் யாரிடம் வம்பு செய்கிறோம் என்று தெரியாமல் செய்கிறார்கள், அரங்கத்துக்குத் தெரியும். அவள் பொறுத்துக்கொள்ளும் ஒவ்வொரு நொடிக்கும் அரங்கத்தின் விரல்கள் உதட்டை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கின்றன. நீலி நமக்கும் புதியவள் அல்லள். பழையனூர் நீலியைத் தொண்டைநாடு அறியும். ஆணோ பெண்ணோ, காக்கியோ கருப்புடையோ, அடக்கிவைத்த ஆற்றலுக்கே விசில் என்ற விதி இரு படங்களுக்கும் பொருந்தியது.

தடை விடைகள்

முதல் நாள் முதல் காட்சியில் பெயர் திரையில் தோன்றும்போதே விசில் பறக்கிறதே, அங்கே நாயகன் எதைத் தாங்கினான் என்று கேட்பாரும் உளர். அற்றன்று. இன்சுலேட்டரைச் சோதிக்கிறவர்கள் மேற்பரப்பில் தாவும் மின்பொறியையும் உடலைத் துளைத்துப்போகும் மின்சாரத்தையும் ஒன்றாக எண்ணமாட்டார்கள். மேலே பொறி பறந்தாலும் பீங்கான் உள்ளே நலமாக இருக்கக்கூடும். துளைத்துவிட்டால் அது குப்பைக்கு. ஒன்பது மணிக் காட்சியின் விசில் மேற்பரப்புப் பொறி; ரசிகர் வீட்டிலிருந்தே கொண்டுவந்தது. அதைச் சான்றாக ஏற்கலாகாது. ஏற்கத்தக்க சான்று இரண்டாம் வாரச் செவ்வாய்க்கிழமை மதியக் காட்சியில் கிடைப்பது: மின்விசிறியின் சத்தம் கேட்கும் அரங்கில், வெயிலுக்கு ஒதுங்க வந்த ஒருவர், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் அடிக்கும் ஒற்றை விசில். ஓடிடியில் நேரடியாக வந்த 'மின்னல் முரளி' போன்ற படங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை; வீட்டு சோபாவில் உட்கார்ந்து விசிலடிப்பவரை வீட்டார் விடமாட்டார்கள்.

விசில் வேண்டுமென்றால் சத்தத்தைக் கூட்டினால் போதாதா என்பது அடுத்த தடை. போதாது என்று சூளை சொல்கிறது. 1886இல் ஜெர்மானியர் ஹெர்மான் சேகர், பீங்கான் கலவையில் சிறு கூம்புகள் செய்து சூளைக்குள் நிறுத்தும் முறையைக் கொண்டுவந்தார். குறித்த அளவு வெந்ததும் கூம்பு தலை சாயும். அது காட்டுவது வெப்பநிலையை மட்டும் அல்ல. வெப்பமும் நேரமும் சேர்ந்து செய்த வேலையை. அவசரமாகச் சூடேற்றினால் கூம்பு ஏமாறாது, பாத்திரம்தான் வெடிக்கும். 573 டிகிரியில் களியிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும். அந்தக் கட்டத்தைப் பொறுமையாகக் கடக்கத் தெரியாதவர் சூளையைத் திறந்து சில்லுகளை அள்ள வேண்டியதுதான். விசிலும் அப்படிப்பட்ட கூம்பே. 2024 நவம்பரில் 'கங்குவா' வெளியானபோது எழுந்த முதல் குறையே சத்தம் தாங்கவில்லை என்பது. ஒலியளவைக் குறைக்கும்படி தயாரிப்புத் தரப்பே திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டது. அங்கே தாங்கும் வேலை நாயகனிடமிருந்து பார்வையாளருக்கு மாறிவிட்டது. தாங்குகிறவருக்கே விசில் என்பது விதியாதலால், அன்று விசில் பெறத் தகுந்தவர்கள் இருக்கையில் இருந்தவர்கள்தாம்.

மூன்றாவது தடை கடுமையானது. 'நரசிம்மா' காட்சியைப் பார்த்து இன்று ஊரே சிரிக்கிறது, மீம் போடுகிறது, அதை எப்படிப் பெருமிதத்தின் சான்றாகக் காட்டலாம்? சிரிப்பு உண்மை. ஆனால் மெய்ப்பாடு எட்டில் நகைதான் முதலில் வைக்கப்பட்டது என்பதை மறக்கலாகாது; அது மற்றவற்றோடு கலந்து வாழப் பழகியது. சிரிப்பு வாயை மூடாவிட்டாலும் பிளந்து தொங்கவிடுவதில்லை. சிரித்த வாய் அடுத்த நொடி விசிலுக்குத் தயார். எத்தனையோ நல்ல காட்சிகள் யாரும் நினைக்காமல் போய்விட்டன. இருபது ஆண்டு கேலியைத் தாங்கி ஒரு காட்சி நிற்கிறதென்றால் அதுவும் தாங்கி வகையைச் சேர்ந்ததே. 2023 டிசம்பர் 28 அன்று விஜயகாந்த் மறைந்தபோது சென்னையில் திரண்ட கூட்டத்தில், கைபேசியில் அந்த மீமைப் பகிர்ந்து வளர்ந்த இளைஞர்களும் இருந்தார்கள். சிரித்தவர்களும் அழுதவர்களும் வேறுவேறு ஆட்கள் அல்லர்.

வாக்கு வேறு, விசில் வேறு. 2006 தேர்தலை இழுப்பது பொருந்தாது என்பர் சிலர். பொருந்தும். அந்தத் தேர்தலில் அவர் இரு பெரிய அணிகளுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் சேராமல் நின்றார். உயரழுத்தக் கம்பிகள் இரண்டுக்கு நடுவே நிற்கும் பொருள் எதுவென்று இவ்வூருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிற்கால நிகழ்வுகளும் இதை மறுக்கவில்லை. 2016இல் அவர் உளுந்தூர்பேட்டையில் தோற்றார். 2021இல் அவருடைய துணைவியார் பிரேமலதா இதே விருத்தாசலத்தில் போட்டியிட்டுத் தோற்றார். ரசிகரின் விசில் பரம்பரைச் சொத்தாகக் கைமாறுவதில்லை, ஒவ்வொரு காட்சியிலும் புதிதாக ஈட்டப்பட வேண்டும் என்பதையே அவை காட்டுகின்றன. செராமிக் பேட்டையில் கோப்பையைக் கட்டுமுன் விரல் முட்டியால் ஒருமுறை தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் வைக்கோலுக்குள் போகும், மழுங்கிய ஒலி வந்தால் ஒதுங்கும். நேற்றுத் தட்டியாயிற்று என்று இன்று விடுவதில்லை.

இறுதியாக, தாங்கும் நாயகனை ரசிப்பது சினிமா கற்றுத்தந்த கெட்ட பழக்கம், பழந்தமிழர் அப்படி இல்லை என்னும் வாதம். இதற்கு விடை கமலாலயக் குளக்கரையில் இருக்கிறது. விருத்தாசலத்து ஆற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் இறங்கித் துழாவிய சுந்தரருக்கு அது உடனே கிடைக்கவில்லை. கரையில் நின்ற பரவையார் கேலி செய்தார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவதா என்று நாம் இன்றும் கேட்கிறோம். சுந்தரர் அந்தக் கேலியைத் தாங்கி, பாட்டு மேல் பாட்டாகப் பாடி, பிறகே பொன்னைக் கண்டார். வந்த பொன்னையும் மாற்று உரைத்துச் சரிபார்த்தார்கள் என்கிறது புராணம். இறங்கியதும் பொன் கைக்கு வந்திருந்தால் அது வெறும் வங்கிப் பணமாற்றம். ஆயிரம் ஆண்டுக்கு மேல் சொல்லப்படும் கதை ஆகியிருக்காது. எதிர்ச்சான்று வேண்டுவோர், கடலூரில் பிறந்து விருத்தாசலம் என்றே இயற்பெயர் கொண்ட புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையைப் பார்க்கலாம். அதில் கடவுளே சென்னைக்கு வந்து, கலைப் புரவலர் ஒருவர் முன்னால் அசல் தாண்டவம் ஆடுகிறார். புரவலருக்குப் பிடிக்கவில்லை, ஆட்டத்தை நிராகரித்துவிடுகிறார். பிரபஞ்சத்தை இயக்கும் ஆற்றல் எந்தத் தடையும் இல்லாமல் நேராக மேடையேறினால் தமிழ்நாட்டில் கிடைக்கும் வரவேற்பு அதுதான்.

முடிபு

நிறுவப்பட்டவை இவை. கிராபிக்ஸ் வாயைப் பிளக்கவைக்கும், பிளந்த வாய் விசிலடிக்காது. விசில் கிளம்புவது அடிக்கு முந்திய நொடியில். அந்த நொடியை நீட்டத் தெரிந்தவரே சூப்பர்ஹீரோ படம் எடுக்கத் தகுந்தவர். படம் வெளியான மூன்று நாள்வரை விமர்சனம் கூடாது என்று 2024இல் தயாரிப்பாளர்கள் நீதிமன்றம் வரை போனார்கள்; அது கேட்க வேண்டிய தடை அல்ல. நாயகன் வந்து நின்று மூன்று நொடி ஆகும்வரை எதுவும் வெடிக்கக் கூடாது என்று இயக்குநர்களுக்குத் தடை வாங்கியிருந்தால் இரண்டு தரப்புக்கும் நல்லதாகியிருக்கும். வெடிகுண்டுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் காத்திருப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது இவ்வாய்வின் முதல் பரிந்துரை.

இரண்டாவது பரிந்துரை பார்வையாளருக்கு. விசிலடியியலுக்கு இன்று நேர்ந்துள்ள பெரிய ஆபத்து மோசமான படங்கள் அல்ல. நாயகன் நின்ற நொடியில் அரங்கம் முழுவதும் கைபேசிகள் எழுகின்றன. திரையில் வருவதைத் திரையில் பிடித்து, இன்னொரு திரைக்கு அனுப்புகிறார்கள். கைபேசி பிடித்த கையால் நாக்கை மடிக்க முடியாது. இந்தப் போக்கு நீடித்தால் அடுத்த தலைமுறை ஆய்வாளருக்குச் சான்றே கிடைக்காது. ஆகவே வாசகர்களே, அடுத்த முறை நாயகனோ நாயகியோ சும்மா வந்து நிற்கும்போது கைபேசியைச் சட்டைப்பையில் போடுங்கள். விசிலுக்கு இரண்டு விரல் வேண்டும்.